அட்டவணையில் விடுபட்ட காற்று

“ரேஷன் கார்டை வாசிச்சுச் சொல்லக்கூட ஆளில்லாம அடுத்த வீட்டுக்கு ஓடின குடும்பமாக்கும் இது. நீயாட்டி நாட்டுக்க ஓட்டப்பந்தயத்துக்க சரித்திரம் எழுதப் போற?”

அம்மாவின் தம்பி இதைக் கேட்டபோது நான் கையில் ஒரு கடிதத்துடன் நின்றிருந்தேன். மாமா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பத்து வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் குடும்பத்தில் எதையும் முதலில் சந்தேகப்படும் உரிமை தனக்கே உண்டு என்று நினைப்பவர். அடுக்களையிலிருந்து அம்மா, “அவ எழுதுவா. நீ கெழங்கத் தின்னு, ஆறிப் போவுது,” என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்குள் முடியவில்லை.

அந்த வருடம் தேசிய தடகளப் போட்டி சென்னையில் நடக்க இருந்தது. அதையொட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள், அதில் போட்டியின் வரலாற்றையும், ஆண்டுதோறும் வென்றவர்களின் பட்டியலையும், போட்டிச் சாதனைகளின் அட்டவணையையும் தொகுத்துத் தர முடியுமா என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். கடிதத்தின் தலைப்பில் என் பெயர் முழுதாக, முதலெழுத்தோடு தட்டச்சாகியிருந்தது. அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என்னை ஏன் கேட்டார்கள் என்பதற்குப் பெரிய காரணம் இல்லை. மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் உடற்கல்வித் துறையில் நான் எழுத்தர். தடகள நடுவர்களுக்கான மாநிலத் தேர்வை எழுதித் தேறியவள். மாவட்டப் போட்டிகளில் முடிவுத் தாள்களை வேகமாகவும் அடித்தல் திருத்தல் இல்லாமலும் எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அப்பா குலசேகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் வேலை. முந்திரித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதை எங்கே சொல்ல இடம் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன். இங்கேயும் சொல்லியாயிற்று.

பள்ளியில் நான் மும்முறைத் தாண்டல் தாண்டினேன். எங்கள் பக்கத்தில் தாண்டுவதைச் சாடுவது என்பார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். மூன்றாவது வருடம் நான்காவதாக வந்தபோது எனக்கே விளங்கிவிட்டது. ஆனால் மணல்குழியை விட்டுப் போக மனமில்லாமல், குழியோரம் போட்டிருந்த மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எங்கள் சபை இளைஞர் விளையாட்டு விழாவில் எழுதியதுதான் என் முதல் முடிவுத் தாள். பரிசு எவர்சில்வர் டம்ளர்தான் என்றாலும், யார் எவ்வளவு சாடினார்கள் என்பதில் அன்று நடந்த சண்டையில் என் தாளைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்ததும் அடங்கிப் போனார்கள். அந்த உணர்வு எனக்குப் பிடித்திருந்தது.

சாடுகிற போட்டியில் தூரத்தோடு இன்னொன்றையும் எழுத வேண்டும். காற்று. ஓடுபாதையின் ஓரத்தில் விண்ட் கேஜ் என்ற கருவியை நிறுத்தியிருப்பார்கள். முதுகுப் பக்கமிருந்து வீசும் காற்று விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போனால், அந்தச் சாட்டத்துக்குப் பதக்கம் உண்டு, சாதனை கிடையாது. நூறு மீட்டர் ஓட்டம் போன்ற குறுகிய ஓட்டங்களுக்கும் இதே விதிதான். தாள்களில் தூரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எண் இருக்கும். விளையாட்டை அறியாதவர்களுக்கு அது கண்ணில் படாது. அறிந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் முதன்முதலில் விண்ட் கேஜ் பக்கத்தில் உட்கார்ந்தது ஆரல்வாய்மொழியில், ஆடி மாதம். கணவாய் வழியாக வரும் காற்றில் என் தாள்கள் பறந்தன, மேசை விரிப்பு பறந்தது, ஒரு நடுவரின் தொப்பி காற்றாலைகள் இருக்கும் திசைக்கே போய்விட்டது. அன்று யார் சாடினாலும் நான்கு, ஐந்து என்று கருவி காட்டியது. “இங்க சாடினா எல்லாவனும் சாம்பியன், ஒருத்தனுக்கும் ரெக்கார்டு கெடையாது,” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நாங்கள் எல்லாத் தாளிலும் காற்றை எழுதினோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவள் நான். அப்படியிருந்தும் நான் தவறியது காற்றில்தான்.

வரலாற்று வேலை ஐந்து மாதம் நடந்தது. நாகர்கோவிலில், ஓய்வுபெற்று இறந்துபோன ஒரு நடுவரின் வீட்டில், மூன்று பெட்டி நிறையப் பழைய முடிவுத் தாள்கள் இருந்தன. அவருடைய மகள் நகலெடுத்துக்கொள்ள அனுமதித்தார். “எலி தின்னதுக்கு நான் பொறுப்பில்ல கேட்டியா,” என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. மற்றவை பழைய மலர்களிலிருந்தும், வேறு மாநில நடுவர்கள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியதிலிருந்தும் வந்தன.

அந்தத் தாள்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு நாட்டின் நடை தெரிந்தது. ஆரம்பத் தாள்களில் அடியும் அங்குலமும். பிறகு மீட்டர். கையில் பிடித்த கடிகாரத்தால் எடுத்த நேரங்கள், பிறகு மின்கருவியால் எடுத்த நேரங்கள். கரித்தூள் போட்ட ஓடுதளம் மழையில் சேறாகி, இறுதிப் போட்டியை மறுநாளைக்குத் தள்ளி வைத்ததாக ஓரத்தில் ஒரு குறிப்பு. பெண்களுக்கான போட்டிகள் முதலில் சொற்பம். ஆண்கள் பல பத்தாண்டுகள் மும்முறை சாடி முடித்த பிறகுதான் பெண்களுக்கும் அந்தக் குழி திறந்தது. சில பெண்களின் பெயர் இரண்டு வருடம் வந்து பிறகு காணாமல் போகும். அதே மாநிலத்திலிருந்து, கிட்டத்தட்ட அதே தூரத்துடன், கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஒரு புதுப் பெயர் வரும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று விசாரித்து விசாரித்து நான்கு பெண்களை அப்படிச் சேர்த்து வைத்தேன். இதற்கு முன் யாரும் அதைச் செய்யவில்லை. அந்த இறுமாப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடைசி வாரத்தில் அச்சகத்திலிருந்து போன் வந்தது. அட்டவணை பக்கத்துக்குள் அடங்கவில்லை, ஏதாவது ஒரு பத்தியைக் குறைக்க வேண்டும் என்றார்கள். கணினியில் காற்றுக்கென்று தனியாக ஒரு பத்தி வைத்திருந்தேன். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த பத்தி அது. குண்டு எறிவதற்கும் உயரம் தாண்டுவதற்கும் காற்று தேவையில்லை அல்லவா. அதை மறைத்து வைத்தேன். அழிக்கவில்லை, மறைத்தேன். ஒரு சொடுக்கில் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு போட்டியிலும் எது அதிகத் தூரம், எது குறைந்த நேரம் என்று கணினியையே கேட்டு, அதைச் சாதனை என்று எழுதிக்கொண்டேன். காற்றைப் பார்த்துத் தள்ள வேண்டியதைத் தள்ளிய பிறகல்லவா அதைச் செய்திருக்க வேண்டும். காற்று அப்போது என் கண்ணில் இல்லை.

மலர் வந்தது. என் பெயர் அச்சில் இருந்தது. மாமாவே இரண்டு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

முழுமையான பட்டியல் வேறெங்கும் இல்லாததால், போட்டி நடத்துகிறவர்கள் என் அட்டவணையையே எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்பாளர் கையிலும் அதுதான், முடிவுகளை ஏற்றும் கணினியிலும் அதுதான். தொடக்க விழாவில் பழைய சாதனையாளர்கள் ஐந்து பேரை மேடையேற்றினார்கள். அந்த ஐந்து பேரையும் தேர்ந்தெடுத்தது என் பட்டியலைப் பார்த்துத்தான். அதில் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா, ஐம்பதைத் தாண்டியவர். பெண்கள் மும்முறைத் தாண்டலில் இன்றும் உடைபடாத போட்டிச் சாதனை இவருடையது என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டிக்கு என்னை நடுவராகவும் அழைத்திருந்தார்கள். கீழே நடுவர்கள் வரிசையில் உட்கார்ந்து நான் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன்.

மறுநாள் காலை அதே மும்முறைத் தாண்டல் இறுதிப் போட்டி. தூரத்தை எழுதும் மேசை எனக்கு. பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி எங்கள் மாவட்டத்துக்காரி, இனயம் கடற்கரையிலிருந்து வந்தவள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. எனக்கு அவளை முன்பின் தெரியாது. பெயர்ப் பட்டியலில் ஊரைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான்.

ஐந்தாவது வாய்ப்பில் அவள் சாடினாள். வெள்ளைக் கொடி உயர்ந்தது. அளந்தவர் தூரத்தைச் சொன்னார். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதினேன். காற்று ஒன்றுக்குச் சற்று மேல், விதிக்குள். ஒலிபெருக்கியில் குரல் வந்தது: “போட்டிச் சாதனைக்கு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே குறைவு!” கூட்டம் உச்சுக்கொட்டியது. அவள் குழியோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறாவது வாய்ப்பில் பலகையைத் தாண்டி மிதித்துவிட்டாள், சிவப்புக் கொடி. தங்கம் அவளுக்குத்தான். ஆனால் சாதனையை உடைத்தால் தேசியப் பயிற்சி முகாமுக்கு அவள் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம் என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லியிருந்தாராம். அந்த மூன்று சென்டிமீட்டர்தான் அவள் முகத்தில் இருந்தது.

கையெழுத்துப் போட மேசைக்கு வந்தவள் என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

“அக்கா, நம்ம ஊரா?”

“குலசேகரம்.”

“அதாக்கும் பேச்சு கேட்டா நம்ம பேச்சு மாதிரி இருக்கு.” பேனாவைத் திருப்பித் தந்தாள். போகவில்லை. “அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அவிய சாடுனப்ப காத்து எவ்வளவு அடிச்சு?”

“எவிய?”

“அந்த ரெக்கார்டுக்காரிய. நேத்து மேடையில நின்னாவல்லா.”

“ரெண்டுக்குள்ளதான் இருக்கும். இல்லன்னா ரெக்கார்டுன்னு வருமா?” என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல், நடுவர் குரலில்.

“அதும் சரிதான்,” என்று அவள் போய்விட்டாள்.

அந்தச் சாதனைக்கான காற்றின் எண்ணை நான் அட்டவணையில் பார்த்த நினைவே இல்லை. எந்தச் சாதனைக்கும் பார்த்த நினைவில்லை.

மதிய இடைவேளையில் மடிக்கணினியைத் திறந்தேன். மறைத்து வைத்த பத்தியைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சொடுக்கு போதும். சொடுக்கினேன். பத்தி வந்தது. அந்த அம்மாவின் வரிசையில் 2.7 என்று இருந்தது.

கீழே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். விதிக்குட்பட்ட காற்றில் சாடிய மிக அதிகத் தூரம் வேறொருவருடையது. அதைவிட இனயத்துப் பெண் ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகச் சாடியிருந்தாள். அவள் அன்று காலையே சாதனையை உடைத்துவிட்டாள். அது அவளுக்கே தெரியாமல் போகக் காரணம் நான்.

உடனே இன்னொரு பயம் வந்தது. இந்த 2.7 சரியா? நான் பார்த்துத் தட்டியதுதானே. தாளில் 1.7 என்று இருந்து நான் தவறாக அடித்திருந்தால்? இல்லாத தவற்றுக்காக ஒரு சாதனையைப் பிடுங்கப் போகிறேனா? நகல்களெல்லாம் குலசேகரத்தில், என் கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை. அம்மா கோயில் ஆராதனை முடிந்து வந்திருப்பாள். அப்பா தோட்டத்து முதலாளி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். அக்கம்பக்கத்தில் படிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிடச் சொன்னால் விஷயம் நான் சென்னையிலிருந்து வருவதற்குள் சந்தை வரை போய்விடும். அம்மாவையே வீடியோவில் அழைத்தேன்.

“கட்டிலுக்கடியில ரெண்டு பெட்டி இருக்கும்மா. வெளிய எடு.”

“ஏதுக்குட்டி? அழுதியா நீ?”

“அழல. எடு.”

பெட்டியை இழுக்கும் சத்தம். கைப்பேசி கூரையைக் காட்டியது, பிறகு அம்மாவின் காதை, பிறகு தாள்களை.

“இதுல எந்தத் தாளுட்டி? ஆயிரம் கெடக்கு.”

வாசிக்கத் தெரியாதவளிடம் ஒரு தாளை எப்படிச் சொல்வது? வருடத்தைச் சொல்ல முடியாது, பெயரைச் சொல்ல முடியாது. கண்ணை மூடி அந்தத் தாளை நினைத்தேன். “மேல எடது மூலையில துருப்பிடிச்ச குண்டூசிக்க அடையாளம் இருக்கும். கீழே எலி கடிச்ச மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சு போயிருக்கும். அது மேல சின்னத் துண்டுத் தாளு ஒண்ணு ஒட்டி நகலெடுத்த மாதிரி, சதுரமா ஒரு கோடு தெரியும்.”

“சதுரக் கோடு சாய்ஞ்சிருக்குமா, நேரா இருக்குமா?”

“சாய்ஞ்சிருக்கும்.”

அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அண்டி ஆபீஸில் முழுப் பருப்பு, உடைந்தது, கருகியது, சுருங்கியது என்று கண்ணாலேயே பிரித்துத் தள்ளுகிற வேலை அவளுக்கு. தாள்கள் அவள் கையில் அதே வேகத்தில் இடமும் வலமும் விழுந்தன. இரண்டைத் தூக்கிக் காட்டினாள், அவை இல்லை. மூன்றாவது அதுதான். ஆனால் திரையில் எனக்கு எதுவும் புரியவில்லை.

“தலைகீழாப் பிடிச்சிருக்கியேம்மா!”

“எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதாண்டி. நீயே சொல்லு, எந்தப் பக்கம் திருப்பணும்.”

திருப்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாய்ந்த சதுரத்துக்குள் பென்சிலில் எழுதிய இரண்டு. சந்தேகமே இல்லாத, வாலை நீட்டிய இரண்டு. அதன் பின்னால் புள்ளி ஏழு. கீழே அன்றைய நடுவரின் சுருக்கொப்பம்.

“கிடைச்சுதா மக்கா?”

“கிடைச்சுட்டும்மா.”

“அப்பம் என்னத்துக்கு மொகத்த இப்பிடி வச்சிருக்க?”

தாளை மட்டும் தனியாக, மடிக்காமல் எடுத்து வைக்கச் சொன்னேன்.

தாண்டல் போட்டிகளுக்குப் பொறுப்பான தலைமை நடுவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எதையும் நிதானமாகக் கேட்பவர். சாப்பாட்டுத் தட்டோடு நின்றவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கணினியையும் காட்டினேன். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

“நீ எந்த ஊரும்மா?”

“கன்னியாகுமரி மாவட்டம் சார்.”

“தங்கம் வாங்கின பொண்ணு?”

“அதே மாவட்டம்தான் சார்.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “வேற ஊர்க்காரங்க யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றார்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. என் தவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும். குமரிக்காரி ஒருத்தி சாடுகிறாள். மேசையில் தூரத்தை எழுதியவள் இன்னொரு குமரிக்காரி. சாயங்காலத்துக்குள் பழைய சாதனை செல்லாது என்று அவளே ஒரு தாளை நீட்டுகிறாள், அதுவும் அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த நகலை.

“நான் இதுல இப்போ கையெழுத்துப் போட முடியாது,” என்றார் அவர். “எழுதிக் கொடு. நாளைக்குப் பதினொரு மணிக்கு முடிவுப் புத்தகத்தை மூடுறாங்க. அதுக்குள்ள கொடுத்தா சாதனைக் கட்டத்துல ‘பரிசீலனையில்’னு போடுவாங்க. மூடினப்புறம் கொடுத்தா ரொம்ப நாளாகும். கொடுக்காம விட்டா...” என்று நிறுத்தினார். கொடுக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

மேடையில் பொன்னாடை வாங்கிய அம்மாவிடம் முதலில் சொல்லாமல் எழுதக் கூடாது என்று பட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு விருந்தினர் விடுதிக்குப் போனேன். அவர் ஊருக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பொன்னாடை கட்டிலில் நான்காக மடித்துக் கிடந்தது.

“வா அம்மிணி. அந்த அட்டவணை போட்ட புள்ள நீதான்னு சொன்னாங்க. உக்காரு.”

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்துப் பக்கம் பார்த்தார்.

“அன்னிக்குக் காத்து இருந்துச்சு. எனக்குத் தெரியும். முதுகுல கைய வெச்சுத் தள்ளற மாதர இருந்துச்சு. அன்னிக்கு ஆரும் ரெக்கார்டுன்னு சொல்லல.” திரும்பினார். “இத்தன வருசம் கழிச்சு மேடையில சொன்னாங்களா, செரி, அப்பறமா யாரோ பாத்து அதைச் சேத்திருக்காங்கன்னு நெனச்சேன். நானும் நம்பிட்டேன் பாரு.”

“மன்னிச்சிருங்கம்மா.”

“என்ற மருமகளுக்குப் போட்டோ அனுப்பிட்டேன். அவ ஆபீஸ் பூராக் காட்டியிருப்பா.” குரல் கொஞ்சம் உயர்ந்தது. “எல்லாத் தாளையும் பாத்துப் பாத்து எழுதினேன்னு சொல்றயே, இதைப் பாக்க மாட்டயா நீ?”

பார்த்திருக்க வேண்டும். அன்று காற்று இருந்தது என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்மேல் விழப்போகும் சந்தேகம் பாதி குறையும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டும் விட்டேன்.

“அதை மட்டும் எங்கிட்டக் கேக்காத,” என்றார். “உன்ற தப்பு, உன்ற கையெழுத்துலயே போகட்டும்.” பிறகு, நான் கதவருகே போன பிறகு, “அந்தப் புள்ள உங்கூரா?” என்றார்.

“எங்க மாவட்டம்.”

“அப்ப உன்னைச் சும்மா விட மாட்டாங்க.”

அவர் அதைக் கோபத்தில் சொன்னாரா, இரக்கத்தில் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே மைதானத்துக்குப் போய், ஆளில்லாத படிக்கட்டில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். முதல் தடவை, ‘அட்டவணை தயாரிப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தேன். தவறு தானாக எங்கிருந்தோ வந்து விழுந்தது போல இருந்தது. கிழித்துவிட்டு, ‘காற்றின் பத்தியை நான் மறைத்தேன், மறைத்த பிறகு சாதனைகளைத் திரும்பச் சரிபார்க்கவில்லை’ என்று எழுதினேன். வென்ற பெண்ணும் நானும் ஒரே மாவட்டம் என்பதை இரண்டாவது வரியிலேயே எழுதினேன். வேறு மாவட்டத்தைச் சேர்ந்த யாரையாவது கொண்டு மூலத் தாளைச் சரிபார்க்கும்படி கேட்டேன். நாகர்கோவிலில் மூலத் தாள் இருக்கும் வீட்டின் முகவரியையும் கொடுத்தேன். பத்தே காலுக்கு அலுவலக மேசையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். முத்திரை குத்தியவர் கடிதத்தை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நாகர்கோவிலுக்கு ரயில் வந்து சேர்வதற்குள் நடுவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு விஷயம் வந்துவிட்டது. ‘குமரிக்காரிக்கு குமரிக்காரி எழுதிக் குடுத்த ரெக்கார்டு’ என்று ஒருவர் போட, பலர் சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் இனயத்துப் பெண் எங்கிருந்தோ என் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

“அக்கா, எனக்கு வேண்டி நீங்க என்னமோ செஞ்சதா எல்லாரும் சொல்லுதாவ. எங்க காலேஜுலயும் கேக்குதாவ. நா ஒண்ணும் கேக்கலியே உங்ககிட்ட?”

“நீ ஒண்ணும் கேக்கல. காத்து எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்ட.”

“நா அதக் கேட்டிருக்கக் கூடாதோ?”

“உனக்கு வேண்டி நா எதும் செய்யல. நா செஞ்ச தப்ப நா எழுதிக் குடுத்தேன். அவ்வளவுதான். நீ பிராக்டிஸுக்குப் போ.”

“போறேன்,” என்றாள். ஆனால் வைக்கவில்லை. அவளுக்கும் பயமாக இருந்தது. சரியாகச் சாடியவளுக்கு என்னால் ஒரு பயம்.

ஒரு மாதம் கழித்து மாநிலத் தடகளச் சங்கத்திலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. நகல்களோடும் கணினிக் கோப்போடும் சென்னைக்கு நேரில் வர வேண்டும், நடுவர் பட்டியலில் என் பெயர் தொடர்வது பற்றி அதன் பிறகு முடிவு செய்யப்படும் என்று எழுதியிருந்தது. இந்தக் கடிதத்திலும் என் பெயர் முழுதாக, முதலெழுத்தோடு இருந்தது. கல்லூரியில் இரண்டு நாள் விடுப்புக் கேட்டேன். முதல்வர் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பெயரை நீக்கிவிட்டால் எந்த மைதானத்திலும் இனி எனக்கு மேசை கிடையாது. கல்லூரி வேலையும் என்னவாகும் என்று தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடுகிறது.

கடிதம் வருவதற்கு முன்பே இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தேன். காற்றுப் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்று பார்க்க வேண்டிய எல்லாப் போட்டிகளையும், ஆண்கள் பெண்கள் இரண்டிலும், தாளோடு தாளாக ஒப்பிட்டேன். சாயங்காலங்களில் அம்மா தாளைத் தேடி எடுத்துத் தர, நான் எண்ணைப் பார்ப்பேன். இன்னும் இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று பெண்கள் தடை தாண்டும் ஓட்டத்தில், ஒன்று ஆண்கள் இருநூறு மீட்டரில். இரண்டும் என்னுடையவை. அவற்றைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. விசாரணைக்குப் போகிற நேரத்தில் இதை நீயே போய்ச் சொல்ல வேண்டுமா என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அவளே உறைக்குள் தாள்களை மடங்காமல் வைத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். விடுப்புக்கு முதல்வர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு தவறுகளையும் தனித்தனியாக எழுதி, நகல்களை இணைத்து, நேற்று குலசேகரம் தபால் நிலையத்தில் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.